மொத்தம் எத்தனை? பக்கத்துக்கும் கூட்டுத்தொகைக்கும் நடுவில் ஒரு வரலாறு

நூலகம் தளத்திலயோ தமிழ் விக்கிப்பீடியாவிலயோ ஒரு பெரிய பகுப்புக்குள்ள போய்ப் பாருங்க. ஒரே தடவையில் 200 தலைப்புகள்தான் வரும். அதுக்குப் பிறகு "அடுத்த பக்கம்" என்று ஒரு இணைப்பு இருக்கும். பட்டியலுக்கு மேலே ஒரு சின்ன வசனம் இருக்கும்: இந்தப் பகுப்பில் மொத்தம் இத்தனை பக்கம் இருக்கு, அதில் 200 இங்க தெரியுது என்று. அந்த வசனத்தை நாங்க அனேகமா வாசிக்கிறதில்ல. தேடி வந்த தலைப்பு கண்ணில் பட்டால் அதை அமத்திட்டுப் போயிருவம்.

இந்தக் கட்டுரை அந்த வசனத்தில் இருக்கிற ஒரே ஒரு எண்ணைப் பற்றினது.

200 தலைப்பைக் காட்டுவது ஒரு வேலை. மொத்தம் எத்தனை என்று சொல்வது வேற வேலை. பார்க்கிற எங்களுக்கு இரண்டும் ஒன்றாத் தெரியும், செய்கிற இயந்திரத்துக்கு அப்படி இல்ல. ஒரு வாசிகசாலை அலுமாரியில் முதல் 20 புத்தகத்தை எடுத்துத் தரச் சொன்னால் ஒரு நிமிசத்தில் தரலாம். அலுமாரியில் மொத்தம் எத்தனை புத்தகம் என்று கேட்டால் கடைசித் தட்டு வரைக்கும் போய் எண்ண வேணும். எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்து ஒரு புத்தகத்தை இரவல் எடுத்துக்கொண்டு போனால் எண்ணினது பிழைக்கும்.

ஆகவே மொத்தம் என்பது பட்டியலோட தானா வாறதில்ல. அதை யாரோ தனியா உழைச்சு எண்ண வேணும். அந்த உழைப்பைச் செய்யிறதா, செய்யாம ஒரு மதிப்பீட்டைச் சொல்றதா, ஒன்றுமே சொல்லாம விடுறதா என்று யாரோ தீர்மானிக்க வேணும். இந்தத் தீர்மானத்துக்கு ஒரு வரலாறு இருக்கு. அது கணினிக்குப் பல வருசத்துக்கு முதலே, குடிசனக் கணக்கெடுப்பில் தொடங்குது. அந்த வரலாற்றுக்குள்ள எங்கட கரையும் இருக்கு.

ஒரு நாள், ஒரு எண்

இலங்கையில் நவீன முறையிலான முதலாவது குடிசனக் கணக்கெடுப்பு 1871 மார்ச் 27இல் நடந்தது. வந்த எண் சுமார் 24 லட்சம். அதுக்குப் பிறகு பத்து வருசத்துக்கு ஒருக்கா என்று ஒரு வழக்கம் உருவானது.

வேலை நடக்கிற விதத்தை நினைச்சுப் பாருங்க. கணக்கெடுக்கிறவர் வீடு வீடாப் போய்ப் பெயர்களை எழுதுவார். அவருடைய கையில் இருப்பது ஒரு பக்கம்தான், நாடு அவருக்குத் தெரியாது. ஊர்ப் பக்கங்களைக் கூட்டினால் பிரிவு, பிரிவுகளைக் கூட்டினால் மாவட்டம், மாவட்டங்களைக் கூட்டினால் நாடு. ஒவ்வொரு படியிலும் கூட்டுவதற்கென்று தனியாட்கள், தனி நேரம், தனிச் செலவு. பெயர்களை எழுதி முடிச்ச அன்றைக்கே மொத்தம் கிடைச்சிராது.

இதில் ஒரு நுட்பம் இருக்கு. சனங்கள் ஒரு இடத்தில் நிக்கிறதில்ல. இன்றைக்குத் தம்பிலுவில்ல இருக்கிறவர் நாளைக்குக் கல்முனையில் இருப்பார். எண்ணுகிற நாட்களுக்குள்ளேயே பிள்ளை பிறக்கும், ஆட்கள் சாவாங்க. அதனால் கணக்கெடுப்பில் "இந்தத் திகதியில், இந்த நேரத்தில் இருந்த நிலை" என்று ஒரு கணத்தைக் குறிச்சு வைப்பாங்க. அந்தக் கணத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளை கணக்கில் இல்ல. அந்தக் கணத்துக்குப் பிறகு செத்தவர் கணக்கில் இருக்கார். நாட்டை ஒரு போட்டோவில் பிடிச்சு வைச்சிட்டு, அந்தப் போட்டோவை எண்ணுற மாதிரி. ஒரு மொத்தத்துக்கு அர்த்தம் வாறது அதோட ஒரு திகதி ஒட்டியிருப்பதாலதான்.

திகதி போலவே எல்லையும் முக்கியம். தம்பிலுவில், திருக்கோவில், அக்கரைப்பற்று, கல்முனை எல்லாம் 1961 வரைக்கும் மட்டக்களப்பு மாவட்டம். 1961இல்தான் அம்பாறை தனி மாவட்டமாப் பிரிஞ்சது. 1953ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பையும் 1963ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பையும் எடுத்து மட்டக்களப்பு மாவட்டம் என்ற வரியை மட்டும் பார்த்தால், பத்து வருசத்தில் சனத்தொகை குறைஞ்சு போன மாதிரித் தெரியும். ஒருவரும் குறையல. "எதுக்குள்ள எண்ணினது" என்ற கோடு இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான். வரலாறு படிக்கிற எங்களுக்கு இது முதல் பாடம்: கூட்டுத்தொகையைப் பார்க்க முதல் அது எந்த வேலிக்குள்ள கூட்டினது என்று பார்க்க வேணும்.

முதலில் மொத்தம், பிறகு விபரம்

இதே காலத்தில் அமெரிக்காவில் ஒரு பிரச்சினை வந்தது. 1880ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் விபரங்களைக் கையால் தொகுத்து முடிக்க அந்தப் பத்தாண்டின் பெரும்பகுதி போனது. அடுத்த கணக்கெடுப்பு வாசலுக்கு வந்திட்டுது. அப்போது ஹேர்மன் ஹொலரித் என்ற பொறியியலாளர் ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு மட்டை. வயது, தொழில், பிறந்த இடம் எல்லாம் அந்த மட்டையில் துளைகளா இருக்கும். இயந்திரம் துளை வழியா மின்சாரம் போகுதா இல்லையா என்று பார்த்து எண்ணும். 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இந்த இயந்திரத்தில்தான் நடந்தது.

எங்கட விசயத்துக்கு இதில் முக்கியமானது ஒன்று இருக்கு. அவங்க மட்டைகளை முழுசா ஆராய்ஞ்சிட்டு மொத்தத்தைச் சொல்லல. முதலில் ஒவ்வொரு குடும்பத்திலும் எத்தனை பேர் என்பதை மட்டும் கூட்டி, சில வாரங்களுக்குள்ளேயே நாட்டின் மொத்தத்தை அறிவிச்சாங்க: சுமார் 6 கோடி 26 லட்சம். எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்று பலருக்குக் கோபம். வயது, தொழில், பிறந்த நாடு என்று பிரிச்ச விபரங்கள் வர இன்னும் வருசங்கள் எடுத்தது. அதாவது மொத்தம் என்பது தனிக் கேள்வி, விபரம் என்பது தனிக் கேள்வி என்று பிரிச்சு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியா இயந்திரத்தை ஓட விட்டாங்க.

ஹொலரித் 1896இல் ஒரு கம்பனி தொடங்கினார். அது 1911இல் வேறு கம்பனிகளோட சேர்ந்தது. 1924இல் அந்தக் கூட்டுக் கம்பனி ஐ.பி.எம். என்று பெயர் மாத்தினது. சனங்களை எண்ணத் தொடங்கின இயந்திரத்தின் வம்சம் அப்படித்தான் கணினிக்குள்ள வந்து சேர்ந்தது.

பக்கம் என்ற சொல்லே இல்லாத மொழி

1970இல் அதே ஐ.பி.எம். கம்பனியின் கலிபோர்னியா ஆய்வுகூடத்தில் வேலை செய்த எட்கர் கொட் ஒரு கட்டுரை எழுதினார். பெருந்தொகைத் தரவுகளை அட்டவணைகளா, கணிதத்தில் சொல்ற "தொடை" மாதிரி வைச்சுக்கொள்ளலாம் என்பது அவருடைய யோசனை. ஓ.எல். கணிதத்தில் தொடை படிச்சிருப்பீங்க. தொடைக்குள்ள இருக்கிற மூலகங்களுக்கு வரிசை இல்ல. எது முதலாவது, எது கடைசி என்று கேட்க முடியாது. ஆனால் எத்தனை மூலகம் என்று கேட்கலாம்.

1974இல் அங்கேயே வேலை செய்த டொனால்ட் சாம்பர்லினும் ரேமண்ட் பொய்ஸும் அந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்க ஒரு மொழியை முன்வைச்சாங்க. இன்றைக்கு எஸ்.கியூ.எல். என்று சொல்றது அதிலிருந்து வந்ததுதான். கூட்டு, சராசரி எடு, எண்ணு என்ற கட்டளைகள் தொடக்கத்திலேயே அதில் இருந்தன. அந்த "எண்ணு" கட்டளையின் பெயர் கவுண்ட். 1986இல் அமெரிக்கத் தரமாகவும் 1987இல் சர்வதேசத் தரமாகவும் அந்த மொழி ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அந்தத் தரத்தில் "முதல் 20ஐ மட்டும் தா" என்று சொல்ல ஒரு வழி இல்ல. ஏன் என்றால் அந்தக் காலத்தில் அறிக்கை கடதாசியில் முழுசா அச்சாகி வரும். பக்கம் பக்கமாப் புரட்டுறது வாசிக்கிறவருடைய கை வேலை. 1990களில் வெப்தளங்கள் வந்த பிறகுதான் நிலைமை மாறினது. ஆயிரம் பெறுபேறுகளை மெதுவான டெலிபோன் இணைப்பில் ஒரேயடியா அனுப்ப ஏலாது, 20 மட்டும் அனுப்ப வேணும். ஒவ்வொரு தரவுத்தளக் கம்பனியும் இதுக்குத் தன்பாட்டுக்கு ஒரு சொல்லை வைச்சிருந்தது. மைஎஸ்கியூஎல்லில் "லிமிட்", மைக்ரோசொப்டில் "டொப்", ஒராக்கிளில் "ரோநம்". சர்வதேசத் தரத்துக்குள்ள இதுக்கென்று ஒரு பொதுச் சொல் வர 2008 ஆகினது. எண்ணுறதுக்குச் சொல் வந்து முப்பது வருசத்துக்கு மேலான பிறகுதான் பக்கம் பிரிக்கிறதுக்குப் பொதுச் சொல் வந்திருக்கு.

ஏன் எண்ணுறது இவ்வளவு கஸ்டம்?

20 பதிவு கேட்டால் தரவுத்தளம் அகராதியைப் புரட்டுற மாதிரி நேரா உரிய இடத்துக்குப் போய், 20 எடுத்திட்டு நின்றிரும். அடுத்ததில் 10 லட்சம் இருந்தாலும் அதுக்குக் கவலை இல்ல. மொத்தம் கேட்டால் நிக்க ஏலாது. கேள்விக்குப் பொருந்துற கடைசிப் பதிவு வரைக்கும் போக வேணும். "பக்கம் 1 / 50" என்று ஒரு வரியில் எழுத, 20ஐக் காட்டுறதுக்கு ஆயிரத்தை எண்ண வேணும்.

மொத்தத்தை முன்கூட்டியே எழுதி வைச்சால் என்ன என்று கேட்பீங்க. மைஎஸ்கியூஎல்லின் பழைய சேமிப்பு முறை ஒன்று அப்படித்தான் செய்தது. முழு அட்டவணையில் எத்தனை பதிவு என்பதை ஒரு மூலையில் எழுதி வைச்சிருக்கும், கேட்டவுடன் சொல்லும். ஆனால் அந்த முறையில் ஒரே நேரத்தில் பல பேர் எழுதுவது சிக்கல், இடையில் மின்சாரம் போனால் தரவு குழம்பும். 2010இல் வந்த பதிப்பில் இருந்து வேறு ஒரு பாதுகாப்பான முறை அதன் இடத்துக்கு வந்தது. புதிய முறையில் அந்த மூலைக் குறிப்பு இல்ல, எண்ணித்தான் ஆகணும்.

காரணம் நாங்க முதலில் பார்த்த கணக்கெடுப்புக் கணம்தான். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் எழுதி அழிக்கிற தரவுத்தளத்தில் "இப்ப மொத்தம் எத்தனை" என்பதுக்கு ஒரே பதில் கிடையாது. நான் கேட்ட கணத்தில் முடிஞ்சிருந்த பதிவுகள் எனக்குத் தெரியும். அடுத்த வினாடி கேட்டவருக்கு இன்னொன்று கூடுதலாத் தெரியும். இரண்டு பேருக்கும் அவரவர் போட்டோ. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளமும் இப்படித்தான். ஒவ்வொரு பதிவும் இந்த ஆளுடைய போட்டோவில் இருக்கா இல்லையா என்று பார்த்துத்தான் எண்ண ஏலும்.

அதனால் ஒரு நடுவழி இருக்கு. போஸ்ட்கிரெஸ் தன்னுடைய சொந்தத் திட்டமிடலுக்காக ஒவ்வொரு அட்டவணையிலும் சுமாரா எத்தனை பதிவு இருக்கு என்று ஒரு மதிப்பீட்டைக் குறிச்சு வைச்சிருக்கும். அவ்வப்போது மாதிரி எடுத்துப் புதுப்பிக்கும். "கிட்டத்தட்ட எவ்வளவு" என்பது போதும் என்றால் அதை உடனே வாசிச்சுச் சொல்லலாம். சரியா எவ்வளவு என்றால் காத்திருக்க வேணும்.

மைஎஸ்கியூஎல் இன்னொரு வழியையும் பார்த்தது. பக்கத்தைக் கேட்கும்போதே "லிமிட் இல்லாமல் இருந்தால் எத்தனை வந்திருக்கும் என்பதையும் சேர்த்து எண்ணி வை" என்று சொல்ல ஒரு வசதி. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். பல வருசம் ஆட்கள் அதைப் பாவிச்சாங்க. ஆனால் அந்த வசதியைப் போட்டால் 20ஓட நிக்கிற சலுகை போயிரும், தரவுத்தளம் கடைசி வரைக்கும் நடக்க வேணும். 2019இல் அதைக் கைவிடப்போறதா மைஎஸ்கியூஎல் அறிவிச்சது. அவங்க சொன்ன மாற்று என்ன தெரியுமா? இரண்டு கேள்வியாக் கேளுங்க. ஒன்று பக்கத்துக்கு, மற்றது மொத்தத்துக்கு. 1890இல் மட்டை எண்ணினவங்க செய்தது அதுதானே.

பதினெட்டு மாவட்டம்

இனி எங்கட நாட்டுக்குத் திரும்புவம். சரியா எண்ணினது, மதிப்பிட்டது, எண்ணாதது என்ற மூன்றும் ஒரே அட்டவணைக்குள்ள வந்தால் எப்படி இருக்கும் என்றதுக்கு இலங்கையின் சனத்தொகை வரலாறு ஒரு பெரிய உதாரணம்.

1981இல் கணக்கெடுப்பு நடந்தது. 1991இல் நடக்க வேண்டியது யுத்தத்தால் நடக்கல. 2001 ஜூலையில் நடந்தது, ஆனால் முழுசா நடந்தது 25 மாவட்டங்களில் 18இல் மட்டும். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய ஏழிலும் அது நிறைவேறல. கிழக்கு மாகாணத்தில் மூன்று மாவட்டம், அதில் முழுசா எண்ணப்பட்டது அம்பாறை மட்டும்தான். அந்த வருசம் அம்பாறை மாவட்டத்தின் எண் 5 லட்சத்து 92 ஆயிரத்துச் சொச்சம்.

18 மாவட்டத்திலும் எண்ணினது சுமார் 1 கோடி 69 லட்சம் பேர். நாட்டின் மொத்தம் என்று சொல்லப்பட்டது 1 கோடி 87 லட்சத்துக்கு மேல். நடுவில் இருக்கிற வித்தியாசம் பெரும்பாலும் மதிப்பீடு. திணைக்களம் அதை ஒளிக்கல, வெளியீடுகளில் 18 மாவட்டம் என்று குறிப்பிட்டிருந்தது. ஆனால் ஒரு எண் புத்தகத்தில் இருந்து பத்திரிகைக்கும், பத்திரிகையில் இருந்து மேடைப் பேச்சுக்கும் போகும்போது அடிக்குறிப்பு கூடப் போறதில்ல. "2001இல் இலங்கையில் இத்தனை வீதம் இன்ன இனம்" என்று பேசுறவங்களில் எத்தனை பேர் அது 18 மாவட்டக் கணக்கா, 25 மாவட்டக் கணக்கா என்று பார்த்திருப்பாங்க? எண்ணப்படாத ஏழும் தமிழர்களும் முஸ்லிம்களும் கூடுதலா வாழ்ந்த பகுதிகள். 18 மாவட்டத்துக்குள்ள எடுத்த வீதத்தை முழு நாட்டுக்கும் என்று வாசிச்சால் படமே மாறிரும்.

முழு நாட்டையும் எண்ணின அடுத்த கணக்கெடுப்பு 2012இல்தான் வந்தது. 1981க்கும் 2012க்கும் நடுவில் 31 வருசம். அந்த இடைவெளியில் பிறந்து, வளர்ந்து, இடம்பெயர்ந்து, வெளிநாடு போய், அல்லது செத்துப்போன ஒரு தலைமுறை வடக்கிலும் கிழக்கின் மற்ற இரண்டு மாவட்டங்களிலும் எந்த முழுக் கணக்கெடுப்பின் பக்கத்திலும் வராமலே போனது. 1981க்குப் பிறகு பிறந்து 2012க்கு முதல் செத்த ஒருவர் அங்க எந்த மொத்தத்திலயும் இல்ல. அவரை மதிப்பீட்டில் சேர்த்திருக்கலாம், ஆனால் மதிப்பீட்டுக்குள்ள பெயர் இல்ல.

இரண்டு பட்டியலில் ஒரு பெயர்

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாட்டிலேயே கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரம் பேருக்கு மேல். மருதமுனையில் இருந்து கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, திருக்கோவில் வரைக்கும் இந்தக் கரையில் அந்த எண்ணுக்குள்ள ஆள் இல்லாத ஊர் இல்ல.

2005 ஜனவரியில் அரச தரப்புக்குள்ளேயே நாட்டின் இறப்பு எண்ணிக்கை என்று பல ஆயிரம் வித்தியாசமான எண்கள் வெளியாகின. அப்படி வாறது தரவுத்தளம் தெரிஞ்சவங்களுக்கு ஆச்சரியம் இல்ல. ஒரே ஆளின் பெயர் வைத்தியசாலைப் பட்டியலிலும் இருக்கும், கிராம உத்தியோகத்தரின் பட்டியலிலும் இருக்கும். காணாமல் போனவர் என்று ஒரு பட்டியலில் இருப்பவர் இறந்தவர் என்று இன்னொன்றில் இருப்பார். பட்டியல்களைப் பொருத்திப் பார்க்காமல் கூட்டினால் ஒருவர் இருவராகுவார். நூலகப் பட்டியலிலும் இதே நடக்கும். இரண்டு பேர் சேர்ந்து எழுதின புத்தகத்தை ஆசிரியர் பட்டியலோட இணைச்சு எண்ணினால் புத்தகம் இரண்டாத் தெரியும். பக்கத்தில் 20 வரி இருக்கும், புத்தகம் 17தான் இருக்கும். அதுக்காகத்தான் எஸ்.கியூ.எல்.லில் "வேறுபட்டதை மட்டும் எண்ணு" என்று தனியா ஒரு சொல் இருக்கு.

2005இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் பாதிக்கப்பட்ட பிரதேசங்களில் ஆட்களையும் வீடுகளையும் தனியா ஒரு கணக்கெடுப்பில் எண்ணினது. ஏற்கனவே இருந்த பட்டியல்களைக் கூட்டுறது போதாது, வாசலுக்குப் போக வேணும் என்பதுதான் அதன் அர்த்தம். அந்த எண்ணில்தான் வீட்டுத் திட்டமும் நட்டஈடும் நின்றது. ஒருவர் இரண்டு தரம் எண்ணப்பட்டால் எங்கேயோ கணக்கு வீங்கும். ஒருவர் விடுபட்டால் ஒரு குடும்பத்துக்கு வீடு இல்ல.

மொத்தத்தை ஒளிச்சு வைக்கிற காலம்

இதே 2005இல் உலகத்தின் மற்றப் பக்கத்தில் கூகுள் தன்னுடைய முகப்புப் பக்கத்தில் இருந்த ஒரு வரியைத் தூக்கினது. தாங்கள் எத்தனை இணையப் பக்கங்களைத் தேடுறம் என்று அதில் எழுதியிருக்கும். கடைசியா இருந்த எண் 800 கோடிக்கு மேல். அந்த ஓகஸ்டில் யாஹூ தங்களிடம் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருக்கு என்று சொன்னது. யார் எதை எப்படி எண்ணினாங்க என்று சண்டை வந்தது. செப்டம்பரில் கூகுள் அந்த எண்ணையே எடுத்திட்டுது. தேடல் பெறுபேறுகளில் "சுமார்" என்று போட்டு வந்த எண்ணும் மதிப்பீடுதான். பல லட்சம் என்று சொல்லும், பக்கம் பக்கமாப் போனால் சில நூறோட முடிஞ்சிரும்.

2006இல் ஆசா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர் பக்க எண்ணே இல்லாத ஒரு முறையை உருவாக்கினார். விரலால் தள்ளத் தள்ள அடுத்தது வந்துகொண்டே இருக்கும். இன்றைக்கு பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டொக் எல்லாம் இதுதான். தொழில்நுட்பப்படி இதில் நியாயம் இருக்கு. பக்க எண் வைச்சால், நான் முதலாம் பக்கத்தை வாசிக்கும்போது மேலே புதுசா ஒன்று சேர்ந்தால், முதலாம் பக்கத்தின் கடைசிப் பதிவு இரண்டாம் பக்கத்தின் முதலாவதா மறுபடி வரும். "கடைசியாப் பார்த்த பதிவுக்குப் பிறகு வாறதைத் தா" என்று கேட்டால் அந்தப் பிரச்சினை இல்ல. மொத்தம் எண்ணுற செலவும் இல்ல.

ஆனால் வாசிக்கிறவருக்கு ஒரு இழப்பு இருக்கு. மொத்தம் தெரிஞ்சால் எங்க நிக்கிறம் என்று தெரியும். 50 பக்கத்தில் 3ஆவது பக்கம் என்றால் "இன்னும் வாசிக்காதது நிறைய இருக்கு, இதை வைச்சு முடிவு சொல்லப்படாது" என்று ஒரு எச்சரிக்கை வரும். முடிவில்லாமல் ஓடுற திரையில் அந்த எச்சரிக்கை வராது. நாலு வீடியோவைப் பார்த்திட்டு "எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க" எண்டு சொல்ற பழக்கம் அங்க இருந்துதான் வருது. எல்லாரும் என்றால் எத்தனை பேர்? எத்தனை பேரில்?

சொல்ல ஏலாதபோது சொல்லாமல் விடுறது

கடைசியா அந்த 200 தலைப்புப் பக்கத்துக்கே வருவம். தமிழ் விக்கிப்பீடியா 2003இலும் நூலகம் 2005இலும் தொடங்கினவை. இரண்டும் ஓடுறது மீடியாவிக்கி என்ற ஒரே இலவச மென்பொருளில். அது இந்தப் பிரச்சினையை எப்படிச் சமாளிக்குது என்று பார்த்தால் அழகா இருக்கும்.

அடுத்த பக்கம் இருக்கா என்று அறிய அது மொத்தத்தை எண்ணுறதில்ல. 200 காட்ட வேணும் என்றால் 201 கேட்கும். 201ஆவது வந்தால் அடுத்த பக்கம் இருக்கு, வராட்டி இல்ல. மொத்தத்துக்கு ஒவ்வொரு பகுப்புக்கும் ஒரு குறிப்பு வைச்சிருக்கும், கட்டுரை சேரும்போது ஒன்றைக் கூட்டும், நீங்கும்போது குறைக்கும். காலப்போக்கில் இந்தக் குறிப்பு பிழைக்கலாம் என்று அதை எழுதினவங்களுக்குத் தெரியும், மறுபடி எண்ணுறதுக்கென்று ஒரு நிரலும் சேர்த்து வைச்சிருக்காங்க. பக்கத்தைக் காட்டுற நேரத்தில் அந்தக் குறிப்பு நம்பத்தக்கதா என்று பார்க்கும். நம்பலாம் என்றால் மொத்தத்தைச் சொல்லும். நம்ப ஏலாது, ஆனால் எல்லாமே இந்த ஒரு பக்கத்துக்குள்ள அடங்குது என்றால் கண்முன்னால் இருப்பதை எண்ணிச் சொல்லும். நம்பவும் ஏலாது, பக்கமும் நிரம்பி வழியுது என்றால் மொத்தத்தையே சொல்லாது. "பின்வரும் இத்தனை பக்கங்கள் இந்தப் பகுப்பில் உள்ளன" என்பதோட நிறுத்திக்கொள்ளும்.

ஒரு மென்பொருளிடம் இருக்கிற இந்த அடக்கத்தை எங்கட பொது வாழ்க்கையில் எத்தனை இடத்தில் பார்க்கிறம்? கிழக்கில் ஒவ்வொரு மொத்தத்துக்குப் பின்னாலும் ஒரு பிரதேச செயலகம், ஒரு காணிக் கச்சேரி, ஒரு பாடசாலை ஆசிரியர் எண்ணிக்கை, ஒரு தேர்தல் பேச்சு நிக்குது. தமிழர் இத்தனை, முஸ்லிம்கள் இத்தனை, சிங்களவர் இத்தனை என்று எறியப்படுற எண்கள் அனேகமா மூன்று விபரத்தை விட்டிட்டுத்தான் வருது: எந்தத் திகதிக் கணக்கு, எந்த எல்லைக்குள்ள, எண்ணினதா மதிப்பிட்டதா. 1953ஐயும் 1963ஐயும் ஒப்பிடுறவருக்கு எல்லை வேணும். 2001ஐச் சொல்றவருக்கு 18 மாவட்டம் என்ற அடிக்குறிப்பு வேணும். சுனாமியைச் சொல்றவருக்கு எந்தப் பட்டியல் என்ற பெயர் வேணும்.

2021இல் வர வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவாலும் பொருளாதார நெருக்கடியாலும் பிந்தி 2024இல் நடந்து, நாட்டின் எண் 2 கோடி 17 லட்சத்துக்கு மேல் என்று வந்திருக்கு. அதன் விரிவான அட்டவணைகளை இனி வாற வருசங்களில் எல்லாத் தரப்பும் தங்களுக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் கிழிச்சுக் காட்டும். அப்போ அந்தத் தாளைக் கையில் வாங்கிற நாங்க கேட்க வேண்டிய கேள்வி சின்னது: இது எத்தனையாவது பக்கம், மொத்தம் எத்தனை பக்கம், அதை யார் எண்ணினது?